அணுகுண்டு விழுந்தால்: முதல் கால் மணி நேரமும் முதல் ஒரு நாளும்

அணுகுண்டு விழுந்தால் உண்மையில் என்ன ஆகும், ஊரோடு எல்லாரும் சாவதுதானா, இல்லை பிழைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்பது கேள்வி. 2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தபோது (தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும்) இதைப் பலர் கேட்டார்கள். அபாயச் சங்கு ஊதினால் என்ன செய்வது, விளக்கை எப்போது அணைப்பது என்பதெல்லாம் சாதாரண வான்வழித் தாக்குதலுக்கான பாடம். அணுகுண்டுக்கு அது போதாது. மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கதிர்வீச்சு பற்றிய பயத்தையும் பார்த்திருக்கிறேன், அதன் கணக்கும் தெரியும். அதிலிருந்து சொல்கிறேன்.

குண்டுக்கு நேர்கீழே இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் பெரிய ஊர் ஒன்றில் நேர்கீழே மாட்டிக்கொள்பவர்களைவிட, அதைச் சுற்றியுள்ள அகன்ற வட்டத்தில் இருப்பவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களில் ஏராளமானோரின் உயிர் இரண்டே விஷயத்தில் தொங்குகிறது. வெளிச்சம் வெட்டியதும் அடுத்த சில நொடிகளில் என்ன செய்கிறார்கள் என்பது ஒன்று. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க எங்கே இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் மனிதனுக்கு இயல்பாகத் தோன்றுவது தப்பான காரியம் என்பதுதான் சிக்கல்.

ஹிரோஷிமாவை எடுத்துக்கொள்வோம். 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அளவு 15 கிலோடன், அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அன்று ஊரில் சுமார் 3,50,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000. கொடூரமான எண்ணிக்கை. ஆனாலும் பாதிக்கு மேல் அந்த ஆண்டைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள், அதுவும் துளி முன்னறிவிப்பு இல்லாமல். சொல்லப்போனால் முன்னறிவிப்பு தலைகீழாக வேலை செய்தது. காலை 7:09-க்கு வானிலை பார்க்க வந்த ஒற்றை விமானத்துக்காகச் சங்கு ஊதி, 7:31-க்கு ஆபத்து நீங்கியது என்று அறிவித்துவிட்டார்கள். ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் திறந்த வெளியில் நின்றிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை.

இதே ஊரில் எய்சோ நொமுரா என்று ஒருவர். எரிபொருள் பங்கீட்டு அலுவலகத்தில் ஊழியர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழே இருந்த புள்ளியிலிருந்து 170 மீட்டர் தூரத்தில் அந்தக் கான்கிரீட் கட்டிடம். ஏதோ கோப்பு எடுக்க நிலவறைக்கு இறங்கியிருந்தார், அந்த நேரத்தில் வெடித்தது. மேலே இருந்த சக ஊழியர்கள் பிழைக்கவில்லை. இவருக்குக் கதிர்வீச்சு நோய் வந்தது, ஆனால் மீண்டு வந்து 1982-ல் தன் 84-வது வயதில்தான் இறந்தார். 170 மீட்டர்! இது அதிர்ஷ்டக் கதைதான். ஆனால் அந்த அதிர்ஷ்டம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தலைக்கு மேலே கான்கிரீட், சுற்றிலும் மண். நாகசாகியிலும் மலையைக் குடைந்த பதுங்கு சுரங்கங்களில் இருந்த சில நூறு பேர், வெடிப்பு நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிழைத்தார்கள். சுரங்கங்களில் இடம் நிறைய இருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை, ஏனென்றால் அங்கேயும் காலை எச்சரிக்கையை விலக்கிக்கொண்டு விட்டார்கள்.

இனி குண்டு என்ன செய்கிறது என்பது. காற்றில் வெடிக்கும் ஒரு சாதாரண அணுகுண்டின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அதிர்வலையாகப் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக வெளிச்சமும் வெப்பமும். மீதம் 15 சதவீதம்தான் கதிர்வீச்சு, அதிலும் உடனடியாக வருவது மூன்றில் ஒரு பங்கு. பெயர் அணுகுண்டு என்பதால் எல்லாரும் கதிர்வீச்சையே நினைக்கிறார்கள். ஹிரோஷிமாவில் முதல் நாள் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீக்காயமும் இடிபாடும்.

முதலில் வருவது வெளிச்சம். கண்ணை எடுக்க நேரம் இருக்காது. ஹிரோஷிமாவில் அந்த வெப்பம் திறந்த தோலை 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் சுட்டது. கருப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். ஆகவே கிமோனோவின் கருப்புப் பூக்கள் அப்படியே பெண்களின் முதுகில் தீக்காயமாகப் பதிந்தன. ஆனால் வெப்பம் நேர்கோட்டில் வருகிறது. நடுவில் ஒரு சுவர் இருந்தால், ஒரு மரம் இருந்தால், அதன் பின்னால் இருப்பவருக்குச் சூடு படாது.

அடுத்து அதிர்வலை. முதலில் மின்னல், பின்னால் இடி என்பது மாதிரி இதுவும் தாமதித்து வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று நொடி, பக்கத்தில் கொஞ்சம் வேகமாக. 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பத்து நொடிக்கு மேல் கிடைக்கிறது. ஹிரோஷிமாவில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை மர வீடுகள் ஏறக்குறைய முழுதாக நொறுங்கின. கண்ணாடி உடைந்தது அதைவிடப் பல மடங்கு தூரத்துக்கு. அப்புறம் தீ. கவிழ்ந்த அடுப்பும் வெப்பத்தில் பற்றியதும் சேர்ந்து, அரை மணி நேரத்துக்குள் தீப்புயலாகி, 11 சதுர கிலோமீட்டரைத் தின்றது. இடிபாட்டுக்குள் உயிரோடு மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்க முடியாமல் போனது இந்தத் தீயால்தான்.

உடனடிக் கதிர்வீச்சு குறுகிய தூரத்து ஆயுதம். ஹிரோஷிமாவில் 1 கிலோமீட்டர் தூரத்தில் வெட்டவெளியில் நின்றவருக்குச் சுமார் 4 கிரே (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு). சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேரைக் கொல்லும் அளவு அது. 2 கிலோமீட்டரில் அது 0.1 கிரேக்கும் கீழே போய்விட்டது. இரண்டு மடங்கு தூரம், ஆனால் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை.

"அது அந்தக் காலத்துக் குண்டு, இப்போது இருப்பது நூறு மடங்கு" என்பார்கள். பல மடங்கு பெரிது என்பது உண்மைதான், ஆனால் அழிவின் தூரம் அத்தனை மடங்கு ஆகாது. அதிர்வலை செல்லும் தூரம் குண்டின் அளவுக்குக் கனமூலமாகத்தான் கூடுகிறது, அதாவது குண்டு எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான். ரஷ்யாவிடம் இருக்கும் பெரிய ஏவுகணைத் தலை ஒன்று 800 கிலோடன் என்று வைத்துக்கொண்டால், ஹிரோஷிமாவைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். தூரம் கூடுவது நாலு மடங்குக்கும் கீழே. வெப்பம் மட்டும் இதைவிட வேகமாகக் கூடும். அந்த அளவுக் குண்டில் பத்துக் கிலோமீட்டரிலும் கடுமையான தீக்காயம் வரும். இந்தியா, பாகிஸ்தான் கையில் இருப்பவை பெரும்பாலும் ஹிரோஷிமா அளவை ஒட்டியும் அதைப்போல இரண்டு மூன்று மடங்காகவும்தான் மதிப்பிடப்படுகின்றன. இதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம். எந்தக் குண்டுக்கும் ஒரு விளிம்பு உண்டு, விளிம்பில் இருப்பவர்கள்தான் அதிகம் என்பதற்காகச் சொன்னேன்.

முதல் நொடிகளைப் பற்றி நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் குண்டிலிருந்து வரவில்லை, விண்கல்லிலிருந்து வந்தது. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு விண்கல் வெடித்தது. 400 முதல் 500 கிலோடன் வரை ஆற்றல். கதிர்வீச்சு இல்லை, சூடும் பெரிதாக இல்லை. சூரியனைவிடப் பிரகாசமாக ஒரு வெளிச்சம், வானத்தில் புகைக்கோடு. ஊரே ஜன்னலுக்கு ஓடியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முகங்களில் கண்ணாடியை அடித்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வெளிச்சத்தைப் பார்த்ததும் வகுப்பில் இருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் கண்ணாடி கீறவில்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கையில் ஆழமான வெட்டு.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் குனிந்து மேசைக்கு அடியில் ஒளியச் சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை கேலி செய்கிறார்கள். மேசை அணுகுண்டைத் தடுக்குமா என்று. குண்டைத் தடுக்காது, கண்ணாடியைத் தடுக்கும். கேலி செய்பவர்கள் நேர்கீழே இருப்பவரை நினைத்துப் பேசுகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைப்பதில்லை.

ஆகவே சத்தமே இல்லாமல் வானம் முழுக்கப் பளிச்சென்று வெளுத்தால், திரும்பிப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் பார்த்துவிட்டால் சில நிமிடம் கண் தெரியாமல் போகலாம். நின்ற இடத்திலேயே குப்புற விழுங்கள். சுவரோ, கட்டிலோ, கனமான மேசையோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதன் மறைவில். கைகள் உடம்புக்கு அடியில் போகட்டும், முகம் தரையைப் பார்க்கட்டும். வெளியில் இருந்தால் ஒரு பள்ளம், ஒரு மதில் போதும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டிவிட்டு இருக்கைக்குக் கீழே குனியுங்கள். அதிர்வலை தாண்டிப் போனதும் எழுந்துவிட வேண்டாம், காற்று திரும்ப எதிர்ப்பக்கமாகவும் வீசும். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருங்கள்.

சரி, எழுந்தாகிவிட்டது, உயிர் இருக்கிறது. இப்போது தொடங்குவது இரண்டாவது சோதனை: கதிரியக்கத் தூசி.

குண்டு உயரத்தில் வெடித்தால், ஹிரோஷிமாவைப் போல, தீப்பந்து தரையைத் தொடுவதில்லை, தூசி குறைவு. அன்று கரியும் கதிரியக்கத் துகளும் கலந்து பெய்த கருப்பு மழை ஒரு விதிவிலக்கு, அது சில பகுதிகளைப் பாதித்தது. மூன்றாம் நாளே டிராம் ஓடியது, இன்று அங்கே லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இந்த உயரம்தான். தரையில் வெடித்தால் கதையே வேறு. ஆயிரக்கணக்கான டன் மண்ணும் கட்டிடமும் ஆவியாகி மேலே போய், கதிரியக்கப் பொருளோடு கலந்து, மணலாகவும் சாம்பலாகவும் கீழே இறங்கும்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக்கில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த பிராவோ குண்டு இதைக் காட்டியது. ஆறு மெகாடன் அளவு வரும் என்று கணித்திருந்தார்கள், 15 மெகாடன் வந்தது. குண்டின் எரிபொருளில் கலந்திருந்த லித்தியம்-7 வினையில் சேராமல் சும்மா இருக்கும் என்று நினைத்தார்கள், அது இருக்கவில்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ரொங்கெலாப் தீவில் சில மணி நேரம் கழித்து வெள்ளையாகச் சாம்பல் விழுந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதற்குள் வாந்தி, தோல் புண், பிறகு முடி கொட்டியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தைராய்டு கட்டி வந்தது. அந்தக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஐந்தாம் லக்கி டிராகனில் 23 பேர். சாம்பல் அவர்கள் தலையிலும் மேல்தளத்திலும் மணிக்கணக்கில் விழுந்தது. அதோடேயே இரண்டு வாரம் பயணம் செய்து ஊர் சேர்ந்தார்கள். படகின் வானொலித் தொடர்பைக் கவனித்த அய்கிச்சி குபொயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார்.

ரொங்கெலாப்பில் அந்த இரண்டு நாளும் மக்கள் கான்கிரீட் வீட்டுக்குள் இருந்திருந்தால், வந்து விழுந்ததைத் தோலிலிருந்து கழுவியிருந்தால், பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். காரணம், இந்தத் தூசிக்கு ஒரு பலவீனம் உண்டு: சீக்கிரம் சாகிறது. நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரத்தில் 100 என்று இருந்தால், 7 மணி நேரத்தில் 10. 49 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில் 1. இரண்டு வாரத்தில் 0.1. தோராயமான கணக்குதான், ஆனால் நம்பலாம். தூசி வெளியிடும் மொத்த ஆற்றலில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. முதல் நாள் முடிவதற்குள் எண்பது சதவீதம்.

இதைப் புரிந்துகொண்டால், வெடித்ததும் குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவது ஏன் பெரிய தப்பு என்பது தெரியும். தூசி மேலே போய்க் கீழே வர, இடிபாட்டு வட்டத்துக்கு வெளியே குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஓடுபவர்கள் சாலையில் சிக்கி நிற்கும் நேரமும் தூசி இறங்கும் நேரமும் ஒன்றாக அமையும். கார் கூரை கதிர்வீச்சுக்கு ஒரு தடையே இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. தூசியைக் கொண்டுபோவது பல கிலோமீட்டர் உயரத்துக் காற்று. உங்கள் முகத்தில் படும் கடற்காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

எனவே கால் மணி நேரத்துக்குள் நல்ல கட்டிடம் ஒன்றின் உள்ளே போய்விட வேண்டும். போனபின் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம், வெளியே வரக்கூடாது. நல்ல கட்டிடம் என்றால் என்ன? கதிர்வீச்சைத் தடுப்பது கனம். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் கான்கிரீட் அதைப் பாதியாக்கும். 20 சென்டிமீட்டர் பத்தில் ஒன்றாக்கும். மண் என்றால் 8, 9 சென்டிமீட்டருக்குப் பாதி. தூசி உட்காரும் இடங்கள் கூரையும் தெருவும். அந்த இரண்டிலிருந்தும் எவ்வளவு விலகி, எவ்வளவு சுவரை நடுவில் வைத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அமெரிக்காக்காரன் எழுதி வைத்த அறிவுரையில் முதல் வரி நிலவறைக்குப் போ என்றிருக்கும். நம் வீடுகளில் நிலவறை ஏது? ஆனால் நமக்கு வேறு வசதி உண்டு. அவர்கள் வீடு பெரும்பாலும் மரச்சட்டமும் பலகையும். நம் தளம் போட்ட வீட்டில் செங்கல் சுவரும் நாலைந்து அங்குல கான்கிரீட்டும் இருக்கிறது. அந்தத் தளம் மட்டுமே மேலிருந்து வருவதை ஏறத்தாழ நாலில் ஒன்றாக்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடு அறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், உள்பக்கக் குளியலறை, இதில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பல மாடி அடுக்ககம் என்றால் நடுத்தளங்களின் நடுப்பகுதி, லிஃப்டையும் படிக்கட்டையும் ஒட்டிய இடம், மிக நல்லது. வெளியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கும் உள்ளே வராது. தூண்கள் மேல் நிற்கும் கட்டிடத்தின் கீழே திறந்த கார் நிறுத்துமிடம் பயன்படாது. பூமிக்குள் இறங்கும் கார் நிறுத்துமிடம் அருமையான இடம். சென்னையில் சுரங்க மெட்ரோ நிலையமும் அப்படித்தான். கண்ணாடி மாளிகையாக நிற்கும் ஐ.டி. கட்டிடங்கள்கூட, அதிர்வலை போனபின், நடுப்பகுதியில் பாதுகாப்பானவையே.

ஓலைக் குடிசை, தகரக் கொட்டகை, ஓட்டு வீடு, இவை தூசியின் கதிர்வீச்சை அதிகம் தடுக்காது. ஐந்து நிமிட நடையில் ஒரு பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ தளம் போட்டதாக இருந்தால் உடனே அங்கே போவது நல்லது. அரை மணி நேரம் நடந்துதான் போக வேண்டும் என்றால் இருக்கும் இடத்திலேயே நடுவில், அரிசி மூட்டையோ புத்தகக் கட்டோ தண்ணீர்க் குடமோ கனமானது எதுவானாலும் சுற்றிலும் தலைக்கு மேலும் அடுக்கிக்கொண்டு இருப்பதே மேல். தீ நெருங்கினால் மட்டும் இந்த விதிகள் செல்லாது, வெளியேறித்தான் ஆக வேண்டும்.

இதில் மிகக் கடினமான அறிவுரை பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை பள்ளியில், நீங்கள் வீட்டில். எந்தத் தாய் 24 மணி நேரம் சும்மா இருப்பாள்? ஆனால் கணக்கு ஈவிரக்கமில்லாதது. பள்ளிக் கட்டிடம் பெரும்பாலும் உங்கள் வீட்டைவிடப் பெரியது, கனமானது. நீங்கள் போய் அழைத்து வந்தால், தூசி மிக உக்கிரமாக இருக்கும் முதல் மணி நேரத்தில் நீங்களும் பிள்ளையும் தெருவில் இருப்பீர்கள். பள்ளியே பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் இது நடக்கும். அணுகுண்டுக்காக வேண்டாம், தொழிற்சாலை வாயுக் கசிவுக்காகவாவது ஒரு பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டு வையுங்கள்.

வெளியில் இருந்து உள்ளே வந்தவர் மேல் துணியைக் கழற்றிவிட்டாலே ஒட்டியிருக்கும் தூசியில் எண்பது தொண்ணூறு சதவீதம் போய்விடும். அதைப் பையில் கட்டி, ஆள் இல்லாத மூலையில் போடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் குளியல், தேய்த்துப் புண்ணாக்காமல். தலைக்கு ஷாம்பு அல்லது சீயக்காய் சரி. கண்டிஷனரும் எண்ணெயும் வேண்டாம், தூசியை முடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லையென்றால் ஈரத்துணியால் துடைப்பதும் போதும். தூசி பட்ட ஆளைத் தொட்டால் நோய் தொற்றாது. சிகிச்சைப் பிரிவில் இந்தப் பயத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்ட அப்பாவின் பக்கத்தில் பேரனை உட்கார விடாதவர்கள் உண்டு. கதிர் பட்ட உடம்பு வேறு, கதிரியக்கத் தூசி ஒட்டிய உடம்பு வேறு. இரண்டாவதைக் கழுவினால் தீர்ந்தது.

சாப்பாடும் அப்படியே. தூசி மேலே விழுந்ததுதான் பிரச்சினை, கதிர் பட்டதால் அரிசி விஷமாகிவிடாது. டப்பாவில், பிரிட்ஜில், மூடிய பாத்திரத்தில் இருப்பதைச் சாப்பிடலாம். வாழைப்பழத்தைத் துடைத்துவிட்டு உரித்தால் போதும். மூடிய மேல்நிலைத் தொட்டித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் குடிக்கலாம். திறந்த கிணறும் குளமும் வேண்டாம். காய்ச்சுவதால் கதிரியக்கம் போகாது. மேய்ச்சல் மாட்டுப் பாலைச் சில வாரம் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் புல்லில் விழும் அயோடின்-131 பால் வழியாகக் குழந்தையின் தைராய்டுக்கு வருகிறது. அதன் அரை ஆயுள் 8 நாள்.

அயோடின் என்றதும் மாத்திரை நினைவுக்கு வரும். பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதனால் பயன் உண்டு. 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பின் போலந்து ஒரு கோடிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. ஆனால் அணுகுண்டுத் தூசியில் முதல் நாள் கொல்லுவது வெளியிலிருந்து பாயும் காமா கதிர், அதற்கு மாத்திரை ஒன்றும் செய்யாது. 2011-ல் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் கடைகளில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அந்த உப்பில் தேவையான அளவு அயோடின் கிடைக்கும் முன்னால் உப்பே ஆளைக் கொன்றுவிடும். காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினைக் குடிக்கவே கூடாது.

கதிர்வீச்சு நோயை அடையாளம் காண ஒரு வழி வாந்தி. ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அளவு மிக அதிகம். பல மணி நேரம் கழித்து வந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. பயத்தாலும் வாந்தி வரும் என்பதால் இதை மட்டும் வைத்து யாரையும் கைவிடக் கூடாது. ஒருவர் இரண்டு நாளில் தேறி நன்றாக நடமாடுவார். இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டி, ஈறில் ரத்தம் கசிந்து, காய்ச்சல் வரும். எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளணு குறைவதால் வருவது அது. நோய்த்தொற்றைத் தடுக்க முடிந்தால் பலர் மீண்டுவிடுவார்கள். ஹிரோஷிமாவில் அது முடியவில்லை. மருத்துவர், செவிலியரில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தோ காயம்பட்டோ போயிருந்தார்கள். இன்றைக்கும் எந்த நாட்டிலும் ஒரே நாளில் பல ஆயிரம் தீக்காய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை அமைப்பு கிடையாது. ஆகவே முதல் சில நாள் உங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரத்தப்போக்கை அழுத்திக் கட்டி நிறுத்தத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது எந்த மாத்திரையைவிடவும் பெரிது.

பிழைத்தவர்கள் எல்லாரும் பின்னால் புற்றுநோயில் செத்தார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஹிரோஷிமா, நாகசாகி மக்களை 1950 முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். முதலில் ரத்தப் புற்றுநோய் கூடியது, குறிப்பாகக் குழந்தைகளிடம். காகிதக் கொக்கு மடித்த சிறுமி சடாகோ சசாகி 1955-ல் 12 வயதில் இறந்தது அதில்தான். பிற புற்றுநோய்களும் கூடின. 1958 முதல் 1998 வரை அந்த ஆய்வுக் குழுவில் கண்ட 17,000-க்கும் மேற்பட்ட திடக் கட்டிப் புற்றுநோய்களில் கதிர்வீச்சால் கூடுதலாக வந்தவை சுமார் 850 என்று கணக்கிட்டார்கள். குறைவில்லை, ஆனால் எல்லாரும் நினைக்கும் அளவும் இல்லை. பிழைத்தவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதாக ஆய்வில் தெரியவில்லை. ஆனாலும் "குண்டுபட்டவர்" என்று பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கிய கொடுமை பல காலம் நடந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றிரண்டு குண்டு விழுந்து, சுற்றியுள்ள நாடு நிற்கிறது என்ற கணக்கில். நூற்றுக்கணக்கில் வெடித்தால் வேறு பிரச்சினை. எரியும் நகரங்களின் கரிப்புகை மேல் வளிமண்டலத்துக்குப் போய்ப் பல ஆண்டு வெயிலை மறைக்கும், விளைச்சல் விழும். 2022-ல் வந்த ஓர் ஆய்வு, இந்தியா பாகிஸ்தான் போரே உலகம் முழுக்க 200 கோடிப் பேரைப் பட்டினியில் தள்ளலாம் என்றது. எவ்வளவு கரி மேலே போகும் என்பதில் விஞ்ஞானிகளிடையே சண்டை இருக்கிறது. நடு அறையில் இரண்டு நாள் பதுங்குவது இதற்குத் தீர்வு ஆகாது. அது அரசுகளிடம் கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டில் என்ன வைத்திருப்பது என்று கேட்பார்கள். சென்னை வெள்ளத்துக்கும் புயலுக்கும் வைத்திருப்பதே போதும்: ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வீதம் மூன்று நாளுக்குத் தண்ணீர், அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடிய பொரி, அவல், பிஸ்கட், அன்றாட மருந்துகள், டார்ச், தடித்த பிளாஸ்டிக் பைகள், மூடியுள்ள ஒரு வாளி கழிப்பறைக்கு. கூடவே பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று. குண்டு வெடிக்கும்போது எழுந்து மின்கருவிகளைக் கெடுக்கும் மின்காந்த அதிர்ச்சியிலும் மின்தடையிலும் போன் கோபுரங்கள் விழுந்துவிடலாம். 1962 ஜூலை 9-ல் அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த ஒரு குண்டு, 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெருவிளக்குகளை அணைத்தது. எப்போது வெளியே வரலாம், எந்தப் பக்கம் போகலாம் என்பதை அளவுக் கருவி வைத்திருப்பவர்கள்தான் சொல்ல முடியும். அந்த அறிவிப்பு வானொலியில்தான் வரும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருங்கள், உள்ளேயே கிடந்தால் ஒழுகிக் கெட்டுவிடும்.